மாமாவின் சைக்கிள் என்றார்கள்

மாமாவின் எண்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கனடாவிலிருந்து மச்சான் வீடியோ கோல் எடுத்தான். மாமாவின் ஒரே மகன், என்னைவிட ஆறு வயது இளையவன். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமா வீட்டின் பின்சுவரில் இருக்கும் சைக்கிள் பிரேமைக் கழற்றி, அது எந்தக் கம்பனியின் சாமான் என்று கண்டுபிடித்துத் தரவேண்டும் என்றான்.

“மச்சாள், நீங்கதான் இதெல்லாம் தேடிப் பிடிக்கிற ஆள். பேரைச் சொன்னா ஸ்டிக்கரை நான் இங்க அடிச்சு அனுப்புவன். ஹோல்ல அப்பாட போட்டோவுக்குக் கீழ மாட்டுவம்.”

எங்கள் குடும்பத்தில் அந்தச் சைக்கிளைப் பற்றிக் கேட்காமல் ஒரு கிறிஸ்மஸ் சாப்பாடும் முடிந்ததில்லை. மாமா துறைமுகத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தது, மழையிலும் வெயிலிலும் மிதித்துப் போனது, தங்கையைக் கரைசேர்த்தது, அந்தத் தங்கை புருஷனை இழந்து ஒன்பது வயதுப் பிள்ளையோடு வந்து நின்றபோது மறுபடியும் தாங்கியது. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை நான். “நீ தின்ட சோறு அந்தச் சைக்கிள்லதான் வந்தது” என்று பத்து வயதிலும் கேட்டேன், நாற்பது வயதிலும் கேட்டேன். அதனால் அந்த இரும்பின்மேல் எனக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது.

எங்கள் கண்ணுக்குத் தெரிந்த காலமெல்லாம் அதற்குச் சில்லும் இல்லை, ஹாண்டிலும் இல்லை. குளியலறைக்குப் பின்னால் சுவர் இடிந்த இடத்தில், நாய் நுழையாமல் இருக்க அதைச் செருகிச் சீமெந்து பூசியிருந்தார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அதற்கும் சேர்த்து அடித்தார்கள். மேசன் ஒருவரைப் பிடித்துச் சீமெந்தை உடைத்து எடுத்தபோது அது வெளிர்நீலத்தில் இருந்தது.

ஓட்டோவின் பின்சீட்டில் பாதி வெளியே நீட்டியபடி அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். நானும் அம்மாவும் இருப்பது நாலாம் மாடியில். அம்மாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிரேமைத்தான் பார்த்தார்.

“இதை ஏன் இங்க கொண்டந்தனீ?”

விஷயத்தைச் சொன்னேன்.

“ஹோல்ல வைக்காத. பல்கனில போடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தூசுக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். எழுபத்தெட்டு வயது, இழுப்பு வேறு.

தேடத் தொடங்கினேன். நான் வேலை செய்வது காப்புறுதி அலுவலகத்தில். முப்பது வருடமாக மற்றவர்களின் சேதத்தைப் படம் பிடித்து, எப்படி உடைந்தது, எப்போது உடைந்தது என்று எழுதுவதுதான் என் வேலை. பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் பெயின்டைச் சுரண்டினேன். ஓர் எழுத்தும் நாலு இலக்கமும் வந்தன. படமெடுத்துப் பழைய சைக்கிள் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் போட்டேன். ஒருவர் இங்கிலாந்து என்றார், ஒருவர் இந்தியா என்றார். மூன்றாமவர் மட்டும், சீட்டுக்குக் கீழே இறங்கும் பைப்பின் நடுவில் ஒரு வீக்கம் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் ஒரு சேகரிப்பாளரிடம் கொண்டுபோனேன். சிங்களவர், ஓய்வுபெற்ற மனிதர். அவருடைய ஹோலில் பன்னிரண்டு சைக்கிள்கள் மினுங்கிக்கொண்டு நின்றன. தடவிப் பார்த்தார், அளந்தார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஹாண்டில் பொருத்தும் கழுத்தும் அடிக் குழாயும் இங்கிலாந்து வேலை, அருமையான வேலை என்றார். மேலே குறுக்காகப் போகும் பார் மட்டும் அந்தத் தொழிற்சாலையில் செய்தது இல்லையாம். சீட் பைப்பின் நடுவில் வீக்கம் வைத்து எந்தக் கம்பனியும் ஆண்கள் சைக்கிள் செய்ததில்லையாம்.

“யாரோ இதை நாசமாக்கிவிட்டான், நங்கி” என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், சிங்களத்தில் சொன்னார். “இதுக்குப் பேர் தேடாதே. இது குப்பை.”

சொல்லிவிட்டுக் காலால் அதை வாசல்பக்கம் தள்ளினார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நானே விரும்பாத சாமான்தான், ஆனாலும் இன்னொருவன் காலால் தள்ளுவதற்கா அதைச் சுமந்துகொண்டு வந்தேன்? நன்றி சொல்லாமல் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது.

என்னை ஏற்றி வந்த ஓட்டோக்காரர்தான் மாளிகாவத்தையில் ஒரு வெல்டிங் கடையைக் காட்டினார். நாற்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் ஒருவர், மோட்டார் சைக்கிள் பிரேம்களும் கேட்டுகளும் ஒட்டுபவர். பெயின்டை முழுக்க எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். மருந்து பூசி, கம்பித் தூரிகையால் உரசினார். நீலம் போனது. கீழே மஞ்சள், அதற்குக் கீழே சாம்பல், பிறகு கறுப்பு. கறுப்புக்கும் கீழே கடும் சிவப்பு வந்தது, பழுத்த ஜம்புப்பழத்தின் சிவப்பு. கழுத்திலும் பின் பைப்புகளிலும் அந்தச் சிவப்பு இருந்தது. குறுக்குப் பாரில் மட்டும் கறுப்புக்குக் கீழே வெறும் இரும்பு.

அவர் பாரை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா, இது பைசிகல் பைப்பே இல்ல. தண்ணிப் பைப்.”

பிறகு வீக்கத்தைச் சுரண்டினார். ஒட்டை மறைக்கப் பூசியிருந்த புட்டி உதிர்ந்தது. உள்ளே பித்தளை வைத்து ஒட்டிய ஒரு வளையமும், அறுத்து அரத்தால் ராவிய ஒரு கட்டைத் துண்டும் இருந்தன. கழுத்திலும் அதே மாதிரி ஒரு வெட்டுக்காயம். அவர் ஒரு கம்பியை எடுத்துக் கழுத்துக் காயத்திலிருந்து நடுக் காயத்துக்குப் பிடித்துக் காட்டினார். கம்பி சரிவாக இறங்கியது.

“பாருங்க, இப்பிடித்தான் இருந்தீக்குது. இது லேடீஸ் பைசிகல். சரிவாப் போன பைப்ப வெட்டி எறிஞ்சிட்டு, மேல தண்ணிப் பைப்ப வச்சு ஜென்ட்ஸ் ஆக்கீக்கிறாங்க.”

“என்னத்துக்கு அப்பிடிச் செய்யிற?”

“ஆம்பிளைக்கு லேடீஸ் பைசிகல் ஓட வெக்கமாக்கும்” என்றார்.

 மாமி அந்த வீட்டுக்குக் கலியாணம் செய்து வந்தது, மாமா சைக்கிளில் போகத் தொடங்கி எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. அதற்கு முன் அந்த வீட்டில் இருந்த இளம்பெண் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மேசையில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அது லேடீஸ் சைக்கிளாம்.”

“ஓம்.”

“உங்கடயா?”

“ஓம்.” கத்தி நிற்கவில்லை.

“ஏம்மா இவ்வளவு காலமும் சொல்லல்ல?”

“ஆர் கேட்டது? நீயும் சேந்துதானே மாமாட சைக்கிள், மாமாட சைக்கிள் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனீ.”

நறுக்கி முடித்த பிறகுதான் சொன்னார். இருபது வயதில் தட்டச்சு படித்தாராம், அந்தத் தெருவிலேயே இருந்த ஒரு பறங்கிப் பெண்ணிடம். அந்த மிஸ் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தன் சைக்கிளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மாதா கோயில் மைதானத்தில் விழுந்து எழும்பி இரண்டு கிழமையில் பழகினாராம். கொழும்புக் கோட்டையில் ஒரு ஒபிஸில் வேலை கிடைத்தது. ஏழு மாதம் தினமும் அதில்தான் போய் வந்தார். சீலை சில்லில் சிக்காமல் இருக்கப் பின்பக்கம் ஒரு வலை இருந்ததாம். மழை வந்தால் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டுவாராம். அதைச் சொல்லும்போது அம்மாவின் கை தானாக மேலே போய்க் குடையைப் பிடித்தது. நான் என் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை.

“பிறகு நீர்கொழும்புப் பக்கத்தால ஒரு சம்பந்தம் வந்தது. பொம்பிளை துறைமுக ரோட்டில சைக்கிள்ல திரியிறா எண்டு சொல்லி, வேண்டாமெண்டு விட்டுட்டாங்க. அண்ணன் ஒண்டும் சொல்லல்ல. சனிக்கிழமை பிரேக் பாக்கிறன் எண்டு எடுத்துக்கொண்டு போனார். திங்கக்கிழமை விடிய வெளிக்கிட்டு வாசலுக்கு வாறன், கறுப்புப் பெயின்ட் அடிச்சு, பார் போட்டு நிக்குது. அண்ணன் ஏறி வேலைக்குப் போயிட்டார்.”

“ஒண்டும் சொல்லாமலா?”

“டாட்டா காட்டினார்.”

ஒரு நாள் மாமா இல்லாத நேரம் பார்த்துப் பின் ஒழுங்கையில் ஏறிப் பார்த்தாராம். சீலையோடு பாரைத் தாண்டிக் காலைப் போட முடியவில்லை. சைக்கிளோடு விழுந்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு பஸ்ஸில் போனார். பஸ்ஸில் இடிபட்டுப் போவது சரியில்லை என்று அதற்கும் பேச்சு வந்தது. மூன்று மாதத்தில் வேலையை விட்டார்.

எனக்கு மாமாமேல் வந்த கோபம் அப்படியே அம்மாமேல் திரும்பியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. எனக்குப் பதின்மூன்று வயதில், ஏழு வயது மச்சானுக்குப் புதுச் சைக்கிள் வாங்கி வந்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அழுதேன். அம்மா எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தார். அம்மா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

“சைக்கிள் ஓடினா எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதானே எனக்கு அடிச்சீங்க?” என்று கத்தினேன்.

அம்மாவும் கத்தினார்.

“உனக்கு ஒண்டு வாங்கி, அதையும் ஒரு நாள் வந்து எடுத்துக்கொண்டு போனா நான் என்ன செய்யிறது? அவர்ட வீட்டில சோறு தின்டுகொண்டு, எந்த வாயால கேக்கிறது? சொல்லு!”

 அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. போஞ்சி சட்டியிலேயே கிடந்தது.

மறுநாள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டேன். சிவப்புப் பெயின்ட், தண்ணிப் பைப், இரண்டு வெட்டுக்காயம். கீழே, இது அம்மாவின் சைக்கிள், மாமா இதை எடுத்து மாற்றினார் என்று இரண்டு வரி எழுதினேன்.  ஒரு மணித்தியாலம் கழித்து ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார். ஒருவர் பழசைக் கிளறவேண்டாம் என்றார். மாமியின் தங்கை, வளர்த்த கையைக் கடிக்கிறாய் என்று எழுதினார். மச்சான் கோல் எடுத்தான்.

“மச்சாள், எப்பிடி இருந்தாலும் பத்து வருஷம் ஓடினது அப்பாதானே?”

“களவெடுத்த சாமானை பத்து வருஷம் ஓடினா சொந்தமாகுமா?”

“பெரிய கதை கதைக்காதீங்க. உங்களையும் உங்கட அம்மாவையும் வச்சுப் பாத்தது ஆர்?”

 அது உண்மை. மாமா எங்களை வைத்துப் பார்த்தார். என்னைப் படிக்க வைத்தார். டைபொயிட் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். முழுக் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அந்த வேலையை அம்மா விடாமல் இருந்திருந்தால் நாங்கள் அவர் வாசலில் போய் நின்றிருக்கவே மாட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது அவன் கோலை வைத்துவிட்டான். நானும் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போ.”

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து போனோம். மாமா ஹோலில், காற்றாடிக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்தார். மாமி எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். அம்மா கதிரையை இழுத்து மாமாவுக்கு நேரே போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

“அண்ணன், அந்தச் சைக்கிள் என்ட.”

“ஓம், உன்டதான். ஆர் இல்லையெண்டது?” என்றார் மாமா.

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். மறந்துவிட்டிருப்பார், மறுப்பார் என்றெல்லாம் நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அத்தனை கிறிஸ்மஸிலும் கோழிக்காலைக் கடித்தபடி கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“உங்கட எண்டு சொல்லி மாட்டப் போறாங்களாம்.”

“அது பிள்ளைகள் ஆசைக்குச் செய்யிறது. எனக்கென்ன தெரியும்.”

“நீங்க சொல்லியிருக்கலாமே. ஒரு நாளாவது.”

“அந்த நேரம் சனம் என்ன கதைச்சுது எண்டு உனக்குத் தெரியாது. நான் உன்ட நல்லதுக்குத்தான் செய்தன்.”

“என்ட நல்லதுக்கு எண்டா ஆருக்கும் குடுத்திருக்கலாம். உடைச்சு எறிஞ்சிருக்கலாம். ஏன் பாரைப் போட்டு நீங்க ஓடினீங்க?”

மாமா காதில் இருந்த மெஷினைத் தொட்டார். கேட்கவில்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

“எனக்கும் வேலைக்கு நடக்கக் கஷ்டமாத்தானே இருந்தது” என்றார்.

“அதைச் சொல்லுங்க” என்றார் அம்மா. “அதைக் கேக்கத்தான் வந்தன்.”

மாமி தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். அம்மா தொடவில்லை. எழும்பிச் சீலையைச் சரிசெய்துகொண்டு, “வாறன் அண்ணன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த வீட்டில் அம்மா தேத்தண்ணி குடிக்காமல் எழும்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமி வாசல்வரை வந்து, வயசான மனுசனை இப்படிக் கேட்கலாமா என்று என்னைக் கேட்டார். வயது அம்மாவுக்கும் ஆகிறது என்று சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாளிகாவத்தைக்கு மறுபடியும் போனோம். இந்த முறை அம்மாவும் வந்தார். வெல்டிங்காரர் தண்ணிப் பைப்பை அறுக்கும்போது பொறி பறந்தது. தள்ளி நில்லுங்க உம்மா என்று அவர் இரண்டு தரம் சொல்லியும் அம்மா தள்ளவில்லை. புதுப் பைப் ஒன்றைச் சரிவாகப் பொருத்தினார். பெயின்ட் கடையில் அம்மா நாற்பது நிமிடம் நின்றார். காட்டிய சிவப்பெல்லாம் பிழை என்றார், கடைசியில் இரண்டைக் கலக்கச் சொன்னார். பழைய சில்லுகளும் ஹாண்டிலும் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தோம். பின்பக்கத்துக்கு வலை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அது எந்தக் கம்பனியின் சைக்கிள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் ஞாபகமில்லை.

பிறந்தநாள் வந்தது. மச்சான் குடும்பத்தோடு வந்திறங்கினான். நான் போகவில்லை. அம்மா போனார்! நல்ல சீலையை உடுத்திக்கொண்டு, மாமாவுக்கு ஒரு சேட்டும் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓட்டோ பிடித்துக் கொடுக்கக்கூட நான் கீழே இறங்கவில்லை. பின்னேரம் கடதாசியில் சுற்றி எனக்கும் கேக் கொண்டுவந்தார்.

“எப்பிடி அம்மா உங்களால போக முடிஞ்சுது?”

“என்ட அண்ணன்தானே. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டன்.”

“எனக்கு முடியல்ல.”

“உனக்கு முடியாட்டி நீ போகாத. உன்னை நான் கட்டாயப்படுத்தினனா?”

கேக்கை நான் தொடவில்லை. எறும்பு மொய்த்த பிறகு குப்பையில் போட்டேன். நான் இன்னும் மாமாவோடு கதைப்பதில்லை. எண்பத்தைந்து வயது மனிதரோடு கோபித்துக்கொண்டு திரிவது என் வயதுக்கு அழகில்லை என்று சொல்லாதவர்கள் இல்லை. சொல்லட்டும்.

சைக்கிள் இப்போது எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பின்னேரங்களில் அம்மா இறங்கி வந்து, ஹாண்டிலைப் பிடித்து உருட்டிக்கொண்டு ஒழுங்கை வழியே ரெயில் பாதைவரை போய்வருகிறார். ஏறுவதில்லை, முழங்கால் விடாது. கைத்தடியைவிட இது வசதி என்கிறார்.

போன மாதம் தொடர்மாடிச் சங்கத் தலைவர் லிப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். பாவனையில் இல்லாத சைக்கிள்களை ஒரு கிழமைக்குள் அகற்றவேண்டுமாம். நேரே போய்க் கேட்டேன். “ஆரும் ஓடாத சைக்கிள்தானே, மிஸ்?” என்றார். அது பாவனையில்தான் இருக்கிறது, தினமும் ஐந்து மணிக்கு வந்து நின்று பாருங்கள் என்றேன். அவர் வரவில்லை. இரண்டாவது அறிவித்தல் ஒட்டினார். அதை நான் கிழித்தேன், அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே.